நகர்த்தக் கூடாது

நீராவி ரயிலில் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது. சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கூச்சல் போட்டுவிட்டு, இறங்கும்போது, "கார்டு சார், இந்தக் கரி வெளுத்தாப் போயிடுமா?" என்று கேட்பார்கள். "மொதல்ல உதறுங்க, தேய்க்காதீங்க" என்பேன். உங்கள் தோள்பட்டையிலும் கொஞ்சம் இருக்கிறது, மேடம். எங்கள் பிளாட்பாரம் வழியாக வந்திருக்கிறீர்கள். தேய்த்துவிடாதீர்கள்.

வார நாட்களில் நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார்கள். மாத்திரையைப் பற்றித்தான். என் சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. தனியாக இருப்பவன் சுவரோடு பேசுவான் என்பார்கள். என் வீட்டுச் சுவருக்கே அலுத்துப்போயிருக்கும். பழைய ரயிலைச் சம்பளமில்லாமல் ஓட்டும் சங்கத்தில் சேர்ந்ததே பச்சைக்கொடி ஆசையில்தான். கொடியை அசைத்தால் ஒரு வண்டி நிறைய ஜனம் சிரித்துக்கொண்டே நகரும். என்னையும் பார்த்துக் கையாட்டுவார்கள்.

அங்கேதான் கரியண்ணன் கிடைத்தார். என்ஜின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், அதனால் அந்தப் பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமையே என்ஜினிலிருந்து குதித்து வந்து, "டேய், சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சுண்ணே."

"பொய் சொல்லாத. மூஞ்சிதான் சொல்லுதே."

கரி அள்ளும் இரும்பு வாரியைக் கழுவி, அடுப்புக்குள் நீட்டி, அதிலேயே முட்டையை உடைத்துப் பொரித்துக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் அதைக் கேட்காமல் இருந்ததில்லை. ஆறு நாள் பட்டினியாகக் கிடக்கச் சொன்னாலும் அந்த ஒரு கேள்விக்காகக் கிடந்திருப்பேன்.

ஒருநாள் முட்டையைப் புரட்டிக்கொண்டே, "மக கூப்பிடுறாடா. அடுத்த மாசம் அவகிட்டயே போயிடலாம்னு இருக்கேன். பேரப் பிள்ளைங்களோட கெடக்கலாம்" என்றார்.

"வீடு வசதியாண்ணே?"

"நாலாவது மாடி, லிஃப்ட் கெடையாது. நமக்கென்ன, காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு." தொடையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கு முட்டையைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் வேலைமுறையைக் கேட்டீர்கள். கடைசிப் பயணம் முடிந்ததும் என்ஜினைச் சாம்பல் குழிக்கு மேல் நிறுத்துவோம். தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் நிற்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் அது. அண்ணன் உள்ளே இறங்கி, அடியிலிருந்து சாம்பலை இழுத்துவிடுவார். இறங்கும் முன் என்ஜின் முகப்புக் கொக்கியில் 'நகர்த்தக் கூடாது' என்று எழுதிய சிவப்புப் பலகையை மாட்டுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். பெற்ற தகப்பனே வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன்.

குழியின் கோடியில் படிக்கட்டு உண்டு. அதுவரை நடக்க அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. சக்கரங்களுக்கு நடுவிலேயே காலைத் தூக்கிப் போட்டு ஏறி வந்துவிடுவார். விசில் கேட்டால் குழிக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். வண்டி தலைக்கு மேல் போய்விடும், ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் அவசரக்காரர். நானே பலமுறை கண்டித்திருக்கிறேன்.

அன்று டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். முன்பு பஸ் ஓட்டியவர், எங்களுக்கெல்லாம் ஹாரன் மாமா. முகப்பைப் பார்த்தார், பலகை இல்லை. ஏறினார், விசில் அடித்தார், வண்டியைப் பின்னால் எடுத்தார். அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. எல்லோரும் ஓடி வந்து பார்த்தபோது பலகை கொக்கியில்தான் தொங்கியது. "இல்லடா, நான் பாக்கும்போது இல்லவே இல்லடா" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். கண்ணெதிரே தொங்குவதை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அதோடு அவர் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. மாமாவை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான்.

என் வீடு தரைத்தளம். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். "சித்தப்பா, நீங்க இல்லன்னா எங்கப்பா அநாதையாப் போயிருப்பாரு" என்று அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று வேளையும் நானே சமைத்துப் போட்டேன். குளிப்பாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கர நாற்காலியில் தள்ளிப்போய், முதல் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவர் எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு வருவார். கரி கண்ணில் விழும் என்பதால் இருக்கும்.

அடிபட்டதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. டாக்டர் அதிர்ச்சி என்றார். மகளிடம் போனில் பேசுவார். நான் உள்ளே வந்தால் போனை வைத்துவிடுவார். கூச்சம் என்று நினைத்தேன்.

நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆமாம், பலகையைக் கழற்றியது நான்தான். அவர் அலறியதும் திரும்ப மாட்டியதும் நான்தான். உயிரையா கேட்டேன், மேடம்? நாலு மாடி ஏற முடியாதபடி ஒரே ஒரு கால். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

குழிக்குள்ளிருந்து என் ஷூவைப் பார்த்தாரா? இருக்கலாம். மற்றவர்களுடையது சாம்பல் பூத்த பூட்ஸ், பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிறவன் நான் ஒருவன்தான். இத்தனை நாள் என் வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லப் பயந்தாராமா? என்னிடம் அவருக்கு என்ன பயம்?

மகள் வந்து கூட்டிப்போய்விட்டாள் என்கிறீர்கள். நாலு மாடியும் மருமகன் முதுகில் சுமந்துகொண்டு ஏறினான் என்கிறீர்கள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களிடம் நெடுநேரம் பேசினாரா? என்னைப் பற்றியேவா? கேட்கவே மனசு நிறைகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது, நான் சாப்பிட்டேனா என்று ஏதாவது கேட்டாரா?