சேலைச் சாம்பல்

எங்கள் தவமணிக்கு ரொட்டி சானாய் என்றால் சீனி தொட்டுத்தான் தின்ன வேண்டும். குழம்பு ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவாள். எட்டு வயதுப் பிள்ளையின் இந்த மாதிரிச் சங்கதியெல்லாம் ஈப்போ கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? ஸ்கந்தராஜா ஐயா, நீங்கள் சமூகநல இலாகாவிலிருந்து வந்து கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி மங்களம் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். பிறகு சிலிபினில் தனி அறை எடுத்துக்கொண்டாள். எண்பத்து நான்கில் விவாகரத்து. பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், மாதம் இரண்டு ஞாயிறு தாயைப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாயைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், திங்கட்கிழமை, தவமணிக்குச் சோறு இறங்காது. "அம்மா மறுபடி எப்பப்பா வரும்?" இதே கேள்விதான். லோரி ஓட்டிக் களைத்து வருகிறவனுக்கு அதற்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது.

சிம்பாங் பூலாய் வீட்டைக் காலி செய்துவிட்டு, பத்து காஜா பக்கம் மூடிப்போன ஒரு தோட்டத்தின் லயத்து வீட்டில் குடியேறினேன். யாருக்கும் முகவரி சொல்லவில்லை. தாயைப் பார்க்க வேண்டிய அடுத்த ஞாயிறு காலை, அம்மா பஸ் மோதிச் செத்துப்போனாள் என்று பிள்ளையிடம் சொன்னேன். மங்களம் விட்டுப்போன பச்சைச் சேலை ஒன்று இருந்தது. அதை எரித்து, சாம்பலைச் சட்டியில் அள்ளி, ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தவமணி கையாலேயே கரைக்கவைத்தேன். முறையாகச் செய்தால்தான் பிள்ளை மனசு அடங்கும். அடங்கியது.

அதே நேரத்தில் மங்களம் எங்கள் பழைய வீட்டு வாசலில், பூட்டைப் பார்த்தபடி சாயங்காலம்வரை நின்றாளாம். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா பிறகு சொன்னார்.

ஒன்பது மாதம் கழித்து, எங்கள் இடத்தைத் தேடிப் பிடித்து, புது உத்தரவோடு நீங்கள் அவளைக் கூட்டிவந்தீர்கள். நடந்தது உங்களுக்கே தெரியும். தவமணி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அலறினாள். "பேய் வந்திருக்குப்பா!"

மங்களம் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினாள். "தொட்டுப் பாரு லா கண்ணு. சூடா இருக்கு பாரு. அம்மா உயிரோடதான் இருக்கேன்."

பிள்ளை தொடவில்லை. பயத்தில் ஒன்றுக்கே போய்விட்டாள்.

"பிள்ளை சரியாப் பயந்து போச்சுது. இண்டைக்கு வேண்டாம்" என்று சொன்னவர் நீங்கள். மங்களத்தைத் தூக்கி நிறுத்தியதும் நீங்கள்தான். பிள்ளையிடம் நான் சொல்லியிருந்ததை அன்று உங்களிடம் மறைத்துவிட்டேன்.

பிள்ளை மிரளுகிறாள் என்று கோர்ட்டும் சந்திப்பை நிறுத்திவைத்தது. வெளியே வரும்போது மங்களம் கேட்டாள். "அவகிட்ட என்னதான் சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? நீதானே விட்டுட்டுப் போன."

போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் விசாரித்தபோது, தவமணி சாம்பல் கரைத்ததைச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள். ஆமாம், அர்ச்சுனனாகிய நான்தான் சொன்னேன். நான்தான் எரித்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. அன்று ஆற்றங்கரையில் பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதபோது, மடியில் போட்டுத் தேற்றியது நான். பெற்றவள் எங்கே போனாள்?