இடது முன்கையில் நான்கு நகக்குறிகள்

குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முன்பாக எதிர்மனுதாரராகிய நான் கொடுக்கும் வாக்குமூலம். பெயரும் தகப்பனார் பெயரும் மனுவில் கண்டபடியே. வயது நாற்பத்தாறு. தொழில் லிஃப்ட் மெக்கானிக், இருபத்திரண்டு வருட அனுபவம். வசிப்பது சந்தைக்குப் பின்தெருவில் நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, ஒரு அறையும் கூடமும் உள்ள வாடகை வீடு. தனியாக இருக்கிறேன்.

எனக்கும் மனுதாரருக்கும் மூன்று வருடங்களுக்கு முன் விவாகரத்து ஆனது. ஒரே மகள், வயது பதினாறு, தாயாருடன் இருக்கிறாள். கோர்ட் உத்தரவுப்படி ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என் வீட்டுக்கு வருவாள். சாப்பிட்டாயா, பரீட்சை எப்போது என்று நான் கேட்பேன். சாப்பிட்டேன், அடுத்த மாதம் என்று அவள் சொல்வாள். பதினொரு மணிக்கெல்லாம் எங்கள் பேச்சு தீர்ந்துவிடும் என்பதை மறைக்காமல் சொல்லிக்கொள்கிறேன்.

சம்பவத்தன்று அவள் தன் பையில் ஒரு கேம் பெட்டியோடு வந்தாள். தோழியிடம் இரவல் வாங்கியது என்றும், பேய் விளையாட்டு என்றும், தனியாக ஆடப் பயமாக இருப்பதாகவும் சொன்னாள். கேம் உறையில் பதினாறு வயது முதல் ஆடலாம் என்று போட்டிருந்ததை நான் படித்துப் பார்த்தேன். அதன் பிறகு மதியச் சாப்பாடு முடித்து, சுமார் இரண்டு மணிக்கு அவளே டிவியில் ஒயரை மாட்டி, ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, கண்ட்ரோலரை என் கையில் கொடுத்து, "நீங்க ஆடுங்கப்பா, நான் வழி சொல்றேன்" என்றாள். அதுவரை நான் எந்த வீடியோ கேமும் ஆடியவனல்ல. லிஃப்ட் குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவன், பொம்மைப் படத்துக்கா பயப்படப்போகிறேன் என்று நான் சொன்னது உண்மை.

கதையில் ஒரு பெண், காணாமல் போன தம்பியைத் தேடிப் பாழடைந்த ஓட்டலுக்குள் நுழைகிறாள். அவளிடம் ஒரு டார்ச்சும், மூன்று குண்டுகள் போட்ட துப்பாக்கியும் இருந்தன. நடக்க ஒரு குமிழ், பார்க்க இன்னொரு குமிழ் என்பது பிடிபடாமல் முதல் பத்து நிமிடம் அந்தப் பெண்ணைச் சுவரில் முட்டவிட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மாடி நடையில் ஒரு ஆள் நிற்பதைக் கண்டு மூன்று குண்டுகளையும் சுட்டுவிட்டேன்.

"அப்பா, அது கோட் மாட்டுற ஸ்டாண்ட்!" என்றாள் மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் என் வீட்டில் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு ஏதோ ஒன்று காலை இழுத்து இழுத்து நடந்து வந்ததால் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டோம். மூச்சை அடக்க ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னாள். பதற்றத்தில் நான் பொத்தானை விட்டுவிட்டு என் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் செத்துப்போனாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடலாம் என்று மகள் தைரியம் சொன்னாள்.

சுமார் மூன்றரை மணிக்கு ஓட்டல் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடாமலே பெட்டி நகர்ந்தது. அப்படி நகரவே நகராது, கதவுப் பூட்டு விழுந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும் என்று அவளிடம் சொன்னேன். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அறுந்தாலும் விழாது, தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக் இருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே, பெட்டியின் தரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு கை வந்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்தது. நான் அலறினேன். ஆலோசகர் அவர்கள் முதலில் 'சத்தமிட்டேன்' என்று எழுதியிருந்தார். அது சரியல்ல என்று நான் சொன்னதால் திருத்தப்பட்டது. "அம்மா" என்று அலறி, கண்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு, மகளின் இடது முன்கையை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு இறுக்கம் என்பது அப்போது எனக்கே தெரியாது.

எதிர்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டி, "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். மகள் போய், "எனக்கு ஒண்ணுமில்ல மாமா, அப்பாவுக்குத்தான்" என்றாள். அவரை விசாரித்துக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்கு அவள் கிளம்பும்போது, நான் அலறியதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நான் செய்த தவறு இதுதான். அன்று மாலை மனுதாரர் மகளின் கையில் நகக்குறிகளைப் பார்த்து என்னவென்று கேட்க, "அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல முடியாது" என்று மட்டும் அவள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட எந்தத் தாயும் வருகையை நிறுத்தக் கோரும் இந்த மனுவைத்தான் போட்டிருப்பாள். மனுதாரர் மீது எனக்கு வருத்தமில்லை. வருகை நிறுத்தப்பட்ட மூன்று ஞாயிறும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மனுவின் நகல் கைக்கு வந்த பிறகே, மகள் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தியத்திலிருந்து அவளை இதன் மூலம் விடுவிக்கிறேன்.

இதுவரை வாசிக்கக் கேட்ட மனுதாரர், ஆலோசகரின் அனுமதியுடன் சொன்னது: "இவ பொறந்தப்ப பிரசவ வார்டுல என் கையையும் இப்படித்தான் பிடிச்சாரு மேடம். வலி எனக்கு, அலறினது இவரு. நர்ஸ் வந்து என் கைக்கு மருந்து போட்டாங்க." இதை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு வெளியே பெஞ்சில் இருந்த மகள் அழைக்கப்பட்டாள். நடந்ததைக் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும், "ரெண்டு தடவை அலறினாரு" என்றாள். இரண்டாவது எனக்கு நினைவில்லை.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மனுதாரர் தெரிவித்தார். பிறகு மகளிடம், அந்தப் பெண் தம்பியைக் கண்டுபிடித்தாளா என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா. லிஃப்ட்லயே நிக்கிறா."

"சரி, ஞாயித்துக்கிழமை போய் முடிச்சிட்டு வா. முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுப் போ."

மேலே கண்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. உண்மைக்கு மேல் எதையும் கூட்டவில்லை, வெட்கத்துக்காக எதையும் குறைக்கவில்லை.

(ஒப்பம்)
எதிர்மனுதாரர்