டிக் போடாதவர்கள்

— இல்ல மக்கா, நீ எனக்கு இதுக்கு மட்டும் பதில் சொல்லு. தங்கப்பன் மாமனுக்க போன்ல, 'குடிச்சிட்டு வருவாரு, பந்தி முடிஞ்சதும் வண்டியில ஏத்தி விட்டிரணும்'ண்ணு எப்பிடி வந்து?

— எம்மா, அது நீ சொன்னதுதான்.

— நான் ஒங்கிட்ட சொன்னேன் ரதீஷே. அவருகிட்டயா சொன்னேன்? எனக்க கூடப் பொறந்தவரு. காலையிலேருந்து மூணு மட்டம் என்னக் கூப்பிட்டு ஏசியாச்சு.

— நீ ஆளாளுக்கு ஒண்ணு சொன்னியா, நான் அத ஆளுக்கு நேரா குறிப்புண்ணு எழுதி வெச்சேன். நம்ம வீட்டோட இருக்கட்டும்ணுதான். அது அந்த ஃபாம்ல ஏறிப் போச்சு.

— தானா ஏணி வெச்சு ஏறிச்சாக்கும்.

— பிந்துவுக்க கல்யாணத்துக்கு வருவியளா மாட்டியளாண்ணு கேட்டு எல்லாருக்கும் ஒரு லிங்க் அனுப்புனேம்லா. அதுல வருக ஒவ்வொரு கட்டத்தையும் நான் இருந்து வரையல்ல. விருந்தாளிண்ணா அவருக்கு என்னென்ன வெவரம் உண்டோ, எல்லாத்தையும் ஒரு எடத்துல அடுக்கி வெச்சேன். பேரு, ஊரு, எத்தன பேரு வருவாவ, வண்டி வேணுமா, பந்தியில எந்த வரிச. சர்வர்ல ஒரு டெம்ப்ளேட் கெடக்கு. அது அந்த அடுக்கப் பாத்து தானா கட்டம் போட்டுக்கிடும். பேருண்ணா எழுதக் கட்டம். நாளுண்ணா காலண்டர். ஆமாவா இல்லியாண்ணா டிக் போடப் பெட்டி. சிம்பிள் சோலி.

— அந்த அடுக்குல குறிப்பும் கெடந்துதோ?

— கெடந்து.

— அப்ப அதுக்கும் கட்டம் போட்டுட்டு.

— போட்டுட்டு. உள்ள எழுதியிருந்ததையும் சேத்துக் காட்டிட்டு.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும். ஆனா அவரவருக்கு அவரவர் குறிப்பு மட்டும்தான் தெரியும். அடுத்தவனுக்கது தெரியாது.

— பெரிய ஒபகாரம். திருவனந்தபுரத்துல ஏசி ரூம்ல இருத்தி சம்பளம் தருகானே ஒனக்கு, அவன் ஒனக்க சோலிய எடுத்துப் பாக்கவே மாட்டானா?

— எம்மா, ஆபீஸ்ல அதுக்குண்ணு டெஸ்ட் பண்ணுக ஆளு உண்டு. இங்க யாரு உண்டு?

— இங்கதான் ஊரே உண்டே. எல்லாரும் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாவ.

— இன்னொண்ணும் இருக்கு. நீ ஏசாத.

— ஏசாம கேக்கேன், சொல்லு.

— அந்தக் குறிப்ப மாமா வாசிச்சதோட விடல்ல. கட்டம்ணா எழுதவும் செய்யலாம்லா. அவரு பழச அழிச்சிட்டு, வேற ஒண்ணு எழுதி சேவ் பண்ணியிருக்காரு.

— என்ன எழுதியிருக்காரு?

— 'இந்த வீட்டம்மைக்கு நாக்கு நீளம்'ண்ணு.

— சவத்த, அத அழிலே மொதல்ல.

— அழிக்கேன். அழிச்சிட்டு இருக்கேன். சுயம்பு பெரியப்பா மூணாவது வரிசையில இருந்தாருல்லா, அவரு தன்ன தூக்கி முன் வரிசையில போட்டுக்கிட்டாரு.

— மாப்பிள வீட்டு ஆளுகளுக்குள்ள வரிசையில்லா அது.

— அதாக்கும் சொல்லுகேன். ஐடிண்ணு ஒரு கட்டம், அது கம்ப்யூட்டருக்கு ஆள அடையாளம் தெரிய வெச்ச நம்பரு, ஒருத்தரும் தொடாண்டாம். அதுவும் வெளிய தெரிஞ்சிருக்கு. பாதிப்பேரு அதுல ஆதார் நம்பர எழுதி வெச்சிருக்கான்.

— எம்மா, அப்பா லைன்ல நிக்காரு.

— நீ ஏட்டி போன எடுத்த, பிந்து? மருதாணி காயல்ல பாரு.

— ரொம்ப நேரமா அடிக்கு, ஒருத்தரும் எடுக்கல்ல. அப்பா பூங்கனி சித்தி வீட்டு நடையில நிக்காராம். அங்க சண்ட.

— பத்திரிக குடுக்கப் போன எடத்துல என்ன சண்ட?

— அண்ணனுக்க லிஸ்ட்ல சித்தி வரமாட்டாண்ணு இருந்துதாம். அப்பா அத மனசுல வெச்சிட்டு, 'வரமாட்டேண்ணு எழுதி அனுப்புக அளவுக்கு நான் ஒனக்கு என்ன செஞ்சேன்'ண்ணு கேட்டிருக்காரு. சித்தி, 'வராத ஆளா பட்டுசீலை எடுத்து ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன், வராண்டாம்ணு சொல்லத்தான் வீடு தேடி வந்தியளா'ண்ணு அழுகாளாம்.

— நீ போன இங்க தா. ஏங்க, கேக்குதா? நீங்க பூங்கனிகிட்ட ஒண்ணும் பேசாண்டாம். தண்ணி குடுத்தா குடிச்சிட்டு வாருங்க. ஆமா, எல்லாம் ஒங்க மவனுக்க வேலதான். வாருங்க, வந்து கேளுங்க. வெய்க்கேன். ரதீஷே, இதுக்கு என்ன சொல்லுக?

— ஒரு நிமிஷம். சித்தி லிங்க்கத் தெறந்திருக்காங்க. பேரு எழுதியிருக்காங்க. எத்தன பேருங்கதுல நாலுண்ணு எழுதியிருக்காங்க. நாலு பேரு, ஆனா வரமாட்டாங்க. இது எப்பிடி?

— எங்கிட்ட கேட்டா?

— ஐயோ.

— என்னலே ஐயோ?

— வருகைக்கு நேரா ஒரு டிக் பெட்டி வந்துதுல்லா. சித்தி அதுல டிக் போடல்ல. கண்டிருக்க மாட்டாங்க, கீழ கெடந்திருக்கும். டிக் போடாத பெட்டிய போன் அனுப்பவே அனுப்பாது. ஒண்ணும் வரல்லண்ணா, சர்வர் அத இல்லண்ணு எடுத்துக்கிடும்.

— அப்ப லிங்க்கயே தெறந்து பாக்காத ஆளுக?

— அவங்களுக்கும் தொடக்கத்துலேயே இல்லண்ணுதான் கெடந்திருக்கு. நான் கவனிக்கல்ல.

— அப்ப பதில் சொல்லாதவன் எல்லாம் மாட்டேண்ணு சொன்ன கணக்கா?

— அப்பிடித்தான் ஆயிப் போச்சு.

— இது எந்த ஊரு நியாயம்? நம்ம வீட்டுல ஒருத்தரு வாயத் தெறக்காம இருந்தா செரிண்ணுல்லா அர்த்தம்.

— கம்ப்யூட்டருக்கு அது தெரியாதும்மா.

— தெரியாதுண்ணா கேக்கணும். சமையல்காரரு காலையில வந்து, 'என்னம்மா, இத்தர பெரிய மண்டபத்தப் பிடிச்சிட்டு இத்துணூண்டு ஆளுக்கு சாப்பாடு சொல்லுகிய'ண்ணு கேட்டாரு. நானும் ஒனக்க லிஸ்ட நம்பி, ஊருல எல்லாவனுக்கும் நம்ம மேல கெறுவுண்ணு நெனச்சிட்டு, ராத்திரி ஒறங்கல்ல. ஒங்க அப்பா ரெண்டு நாளா செரியா சாப்பிடல்ல. வாற ஞாயித்துக்கெழம அத்தன பேரும் வந்து எலயில இருந்தா, நான் எதக் கொண்டு வெளம்புவேன்?

— இப்ப செரியாக்கிருவேன். அரமணி நேரம் தா.

— அதுவர பிந்து, நீ போன எடு. அந்த லிஸ்டப் பாத்து ஆளாளா கூப்பிடு. கல்யாணப் பொண்ணு நேரடியா கேட்டா ஒருத்தருக்கும் முகம் முறிக்கத் தோணாது.

— எம்மா, அதுக்கு முந்தி நான் ஒண்ணு…

— பெறகு சொல்லலாம். மொதல்ல குலசேகரத்து அத்தையக் கூப்பிடு. அவ ஒருத்தி வந்தா பத்துப் பேரு பொறத்தால வருவாவ.

— செரி.

— அந்தால போயி நின்னு பேசாத, எனக்கும் கேக்கணும்.

— அத்த, பிந்து பேசுகேன். கொள்ளாம், சொகந்தான். ஞாயித்துக்கெழம வருவியளா? இல்ல, அது அண்ணனுக்க ஃபாம் செஞ்ச குழப்பம். ஆமா, ஐடி வேண்டாம். ஆதாரும் வேண்டாம். ஃபோட்டோவும் வேண்டாம் அத்த. நீங்க வந்தாப் போதும். ஆங், சொல்லுகேன். அத்த பதினோரு பேரா வருகாளாம்மா.

— பாத்தியா. லிஸ்ட்ல?

— லிஸ்ட்ல அத்தைக்கு நேரா வரமாட்டேண்ணு.

— எடே, ஒனக்க டெம்ப்ளேட்டத் தூக்கிக் கெணத்துல போடு.

— அத எடுத்துட்டேம்மா. இனி அது பாட்டுக்கு அடுக்கப் பாத்துக் கட்டம் போடாது. எதக் கேக்கணும், எதக் கேக்காண்டாம்ணு நான் ஒவ்வொண்ணா பேரு சொல்லி எழுதியிருக்கேன். குறிப்பு உள்ள கெடக்கும், வெளிய வராது. வரிச வராது. ஐடி வராது. யாராவது தில்லுமுல்லு பண்ணி உள்ள அனுப்புனாலும் எடுத்துக்கிடாது.

— இத மொதல்லேயே செய்தா என்ன?

— சோலி மிச்சம்ணு நெனச்சேன்.

— மிச்சம் பிடிச்ச சோலிய இப்ப ஒனக்க தங்கச்சி போன்ல செய்துட்டு இருக்கா.

— சித்தப்பா, நான் பிந்து. ஞாயித்துக்கெழம வருவியளா? செரி சித்தப்பா. சித்திக்கு முட்டு வேதன கொறஞ்சுதா? மண்டபத்துல லிஃப்ட் உண்டு, பயப்படாண்டாம்ணு சொல்லுங்க. வெய்க்கேன். சின்ன சித்தப்பாவும் சித்தியும் ரெண்டு பேருமா வருவாவ.

— கொள்ளாம் மக்களே. அடுத்தது?

— எம்மா, எல்லாரும் எங்கிட்ட ஒரே கேள்விதான் கேக்காவ. மாப்பிளைக்கு துபாய்ல எந்தக் கம்பெனிண்ணு.

— சொல்லு.

— எனக்குத் தெரியாது.

— அப்பாவுக்குத் தெரியும். அப்பா வந்தா கேட்டு சொல்லுவோம்ணு சொல்லு. ரதீஷே, ஆச்சா?

— வருகைக்கு டிக் பெட்டிய எடுத்தாச்சு. இனி ரெண்டு பொத்தான். ஒண்ணு வருகிறேன், ஒண்ணு வரமாட்டேன். ரெண்டும் தொடாம விட்டா, பதில் சொல்லல்லண்ணு தனியா சாம்பல் நெறத்துல நிக்கும். வருகாங்கண்ணா பச்ச. வரல்லண்ணா செவப்பு.

— கை தவறி வரமாட்டேண்ணு அமுக்கிட்டா? பூங்கனிக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது.

— அதுக்கும் வெச்சிருக்கேன். வரமாட்டேண்ணு அமுக்குனா, 'உறுதியாகச் சொல்கிறீர்களா?'ண்ணு திருப்பிக் கேக்கும். அதுக்கும் ஆமாண்ணு அமுக்குனாத்தான் செவப்பு விழும். ஒருத்தரும் அறியாம விழவே விழாது.

— இப்பதான் மனுசன் பேசுக மாதிரி பேசுகு. இன்னொருக்க எல்லாருக்கும் அனுப்பிருவியா?

— பழைய பதில அத்தனையும் தொடச்சாச்சு. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதி, இப்ப அனுப்புகேன். நம்ம வீட்டு ஆளுகளுக்கும் போகும், பந்திக்கு கணக்கு எடுக்கணும்லா. ஒனக்க போனும் சத்தம் போடும், பயப்படாத. போச்சு.

— ஒண்ணும் வரல்லியே.

— இரும்மா. ஒரு நிமிஷம் குடு. இன்னா பாரு, வந்துட்டு. பூங்கனி சித்தி. நாலு பேரு. பச்ச.

— அப்பாடா.

— குலசேகரத்து அத்த. பன்னெண்டு.

— பதினொண்ணுண்ணுல்லா சொன்னா?

— அதுக்குள்ள ஒருத்தரு கூடியிருக்கு. சுயம்பு பெரியப்பா, பச்ச. முட்டத்துலேருந்து அப்பாவுக்க கூட்டுக்காரரு மரியஜான் அண்ணாச்சி, குடும்பத்தோட. பச்ச. எம்மா, இங்க பாரு, வரிசையா விழுகு.

— தங்கப்பன் மாமன்?

— இன்னும் சாம்பல்லதான் நிக்காரு.

— அவரு வரமாட்டாரு. நான் பேசுன பேச்சுக்கு எப்பிடி வருவாரு. எங்க அம்மையும் அப்பனும் போன பெறகு எனக்குண்ணு இருக்கது அவரு ஒருத்தருதான். தாய்மாமன் இல்லாம மணமேடையில ஆரு நிப்பா? நான் தக்கலைக்குப் போயி கையில காலுல விழுந்து…

— எம்மா.

— என்ன?

— மாமா, பச்ச.

— பொய் சொல்லாத.

— பாரு. எத்தன பேருங்கதுல ஒண்ணுண்ணு போட்டிருக்காரு. வண்டி வேணுமாங்கதுல ஆமாண்ணு போட்டிருக்காரு. போறதுக்கு மட்டும்ணு.

— எனக்க பொன்னு அண்ணன். நீ என்னைக்கும் எங்கிட்ட கோவிக்க மாட்டேண்ணு எனக்குத் தெரியும்லா. பிந்து, ஏட்டி பிந்து, கேட்டியா? மாமன் வருகாரு. நீ இனி ஒருத்தரையும் கூப்பிடாண்டாம், போன வெய்.

— கேட்டேம்மா.

— சமையல்காரருக்கு நான் இப்பமே சொல்லுகேன். எலயும் கூடுதலா சொல்லணும். ரதீஷே, செவப்பு உண்டா ஏதாவது?

— ஒண்ணே ஒண்ணு. இப்பதான் விழுந்து. இரு, யாருண்ணு பாக்கேன். சே.

— ஆருலே? திற்பரப்பு ஆளுகளா? மாப்பிள வீட்டுல இனி ஒரு பிரச்சினைய எனக்குத் தாங்க முடியாது.

— அதில்லம்மா. இன்னும் செரியாகல்ல போலிருக்கு. பிந்துவுக்க பேருக்கு நேரா வரமாட்டேண்ணு வருகு.

— கொள்ளாம். கல்யாணப் பொண்ணு கல்யாணத்துக்கு வரல்லியாக்கும். இத வெச்சிட்டு நீ மண்டபத்துல ஆள எண்ணுவியா?

— எனக்கு வெளங்கல்ல. தொடக்கத்துல வெறுமையாத்தான் வெச்சேன். எல்லாருக்கும் செரியா விழுந்திருக்கு, இவளுக்கு மட்டும் எப்பிடி? உறுதியாண்ணு கேட்டு, அதுக்கும் ஆமாண்ணு பதில் வந்ததாட்டுல்லா பதிஞ்சிருக்கு. திரும்பவும் மொதல்லேருந்து பாக்கணும், சவம்.

— அண்ணா.

— நீ இரு பிந்து. ஒனக்க பேர மட்டும் அழிச்சிட்டு, புதுசா ஒரு மட்டம் அனுப்பிப் பாக்கேன்.

— அழிக்காண்டாம்.

— தப்பா விழுந்ததப் பின்ன அப்பிடியே போடவா?

— தப்பா விழல்லண்ணா. ஒனக்க ஃபாம் செரியாத்தான் இருக்கு. உறுதியாண்ணு அது எங்கிட்ட கேட்டுது, நான் ஆமாண்ணு அமுக்குனேன்.