இருபத்தாறாம் நம்பர் டோக்கன்

குப்பனூர் வழியாக மலை ஏறி வந்தது நல்லதாகப் போயிற்று, சார். ஞாயிற்றுக்கிழமை மற்ற மலை ரோட்டில் வந்திருந்தால் டூரிஸ்ட் கார்களுக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருப்பீர்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய இடத்தில் டோக்கன் பலகைக்கு நான்தான் அதிகாரி. உள்ளே போகிறவனின் டோக்கனைச் சிவப்பு ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் பச்சை ஆணிக்கு மாற்ற வேண்டும். குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால் ஒரே நாளில் செய்துவிடும். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனாலும் லீவுக்கு இங்கே வாழவந்திக்கு வந்தால், சுரங்கத்தையே நான்தான் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் நடப்பேன். அதை நம்பித்தான் எங்கள் ஊர் ராஜ்குமார் என்னோடு வேலைக்கு வந்தான். அவன் டோக்கன் இருபத்தாறு.

அன்று மத்தியானம் பாதுகாப்பு விழா. வருஷம் முழுக்கத் தப்பே செய்யாத ஊழியர் என்று எனக்குப் பரிசு. மேடைக்கு நேரமாகிவிட்டதே என்று, ஆட்கள் வெளியே வருவதற்கு முன்பே மொத்த டோக்கனையும் பச்சைக்கு மாற்றிவிட்டுத் தலை வாரப் போனேன்.

பரிசு ஒரு பிரஷர் குக்கர். அதோடு இறங்கி வரும்போது பக்கச் சுரங்கம் ஒன்றின் வாய் சரிந்தது. மேலே பஸ் ஓடுகிற ரோடு. அது உள்வாங்குவதற்குள் கான்கிரீட் ஊற்றி அடைக்க வேண்டும். இன்ஜினியர் ஓடி வந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா, வேடியப்பா?"

பலகையில் எல்லாம் பச்சை. சாப்பாட்டு வரிசையில் ராஜ்குமார் மட்டும் இல்லை. குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

"யாருமில்லீங்க, சார்."

சுரங்கத்துக்குள் போகிற காற்றுக் குழாயில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன்.

இரண்டு வருஷமாக அவன் பெண்சாதி புவனா வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிறாள். "ஏனுங்ணா, அவரு நெசமாலுமே வெளிய வந்தாருங்களா? என்னைய உட்டுட்டு எங்கீங்க போயிருப்பாரு?"

"பலகையில பச்சையிலதான் இருந்துச்சு, கண்ணு."

பொய் சொல்லவில்லை, பாருங்கள். மனசு கேட்காமல் அந்தக் குக்கரைக்கூட அவளுக்கே கொடுத்துவிட்டேன். நொம்ப உபயோகமாக இருக்கிறதாம்.

இப்போது அந்தக் கான்கிரீட் சுவரை உடைத்தபோது ஆளைக் கண்டெடுத்ததாகச் சொல்கிறீர்கள். சரிந்தபோதே செத்துவிட்டான் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பத்தொரு தட்டு. அதில் பதினெட்டு, கான்கிரீட் ஊற்ற ஆரம்பித்த பிறகு. எண்ணிக்கையில் மட்டும் நான் ஒருநாளும் தவறியதில்லை, சார்.