பாயான் அணையை உடைத்தது யார்?

இக்கூட்டத்துக்கு அக்கிராசனம் வகித்து, தம் கடை முற்றத்தையே நமக்கு மேடையாக்கித் தந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தேனப்பச் செட்டியார் அவர்களே! பாயான் தோட்டத்திலிருந்து சேற்றுப் பாதையை மிதித்துக் கோத்தா திங்கி வரை நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே! இடுப்பில் பிள்ளையும் கண்ணில் கனலுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நான் பேசும் தமிழ் புரியாவிட்டாலும் நம் துயரம் புரிந்து வந்திருக்கும் அக்கரைக் கம்பத்து மலாய்ச் சகோதரர்களே! தோட்டத்துப் பள்ளியில் உங்கள் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தரும் யூஜின் உங்கள் எல்லோரையும் கரம் குவித்து வணங்குகிறேன்.

அன்பர்களே! ஜப்பான்காரன் கொடி இறங்கியது; ஓடிப்போன வெள்ளைக்காரக் கம்பெனி திரும்பி வந்தது. வந்தவர்கள் நம்மைப் பார்த்து என்ன கேட்டிருக்க வேண்டும்? உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். சயாமுக்குப் பிடித்துப் போனவர்கள் வந்து சேர்ந்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டீர்களா என்றாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா? இல்லை! புதிதாக வந்த துரை கேட்ட முதல் கேள்வி: "அணை எங்கே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்து வந்த சொல்லைக் கேட்டால் சிரிப்பு வராது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, துரை முழங்கினார். பாயான் அணை கம்பெனியின் சொத்தாம். ஜப்பான்காரனைக் குளிர்விக்க நாமே மனமுவந்து அதை இடித்தோமாம். ஆகவே கூலி இல்லாமல் நாமே திரும்பக் கட்டித்தர வேண்டுமாம். ஏரி கிடந்த இடத்தில் நாம் போட்ட கிழங்குத் தோட்டங்களைக் காலி செய்ய வேண்டுமாம். இடிப்புக்குத் தலைமை தாங்கிய பியாட்ரிஸ் நாளைக் காலைப் பெரட்டு முடிந்ததும் லயத்து வீட்டைவிட்டே வெளியேற வேண்டுமாம்!

யார் இந்தப் பியாட்ரிஸ்? நீங்கள் இருட்டோடு பால்மரம் வெட்டக் காட்டுக்குப் போன பின், ஆயாக் கொட்டகையில் உங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியவள். கஞ்சி ஊட்டியவள். தன் கணவன் ரபேலை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றியபோது, அந்த லாரியின் பின்னாலேயே ஓடி, ரோட்டில் விழுந்து, முழங்கால் கிழிந்து திரும்பியவள். ரபேல் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணா ஜப்பான்காரனுக்குக் கையாள்? அவளா காட்டிக்கொடுத்தவள்? இதைச் சொன்ன வாய் கூசவில்லையா? கேட்ட நாம் எப்படித் தலைகுனிந்து நின்றோம்?

நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் சரிபாருங்கள், தெரியாத டவுன் மக்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டோரில் ரப்பர் உருட்டும் மெஷினுக்குத் தண்ணீர் தேக்க, நம் அப்பன்மார் காலத்துக்கும் முன்பு கட்டிய கல்லணை அது. அதற்குப் பின்னால் ஏரி. அதற்குக் கீழே, ஆற்றங்கரையோடு, நம் வரிசை வீடுகளான கீழ் லயம். அதற்கும் கீழே, அக்கரையில், மலாய்க்காரர் கிராமமான கம்பம். ஜப்பான்காரன் ஆட்சியில் ரப்பர் வாங்க ஆளில்லை, மெஷின் துருப்பிடித்தது. அவனுக்கு வேண்டியது மரம். மேல்காட்டில் வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கோத்தா திங்கிக்குக் கொண்டுபோக நினைத்தான். வழியில் குறுக்கே நின்றது அணை. மழைக்காலம், ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் அவனுடைய அதிகாரி சொன்னான், வெடி வைத்துத் தகர்க்கப் போகிறேன் என்று.

அணைக்குக் காவல் இருந்தவர் அய்யாவு. அவர் ஓடி வந்து ஆயாக் கொட்டகை வாசலில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரே வெடியில ஒடச்சா ஏரி மொத்தமும் கீழ் லயத்து மேல வந்து விழும்! கம்பமும் மிஞ்சாது!"

எழுந்து மேட்டுக்குப் போயிருக்கலாமே என்று யாரோ கேட்கிறீர்கள். நல்ல கேள்வி ஐயா. யார் எழுந்து போவது? வீட்டுக்கு வீடு காய்ச்சல். பசியில் கால் வீங்கிப் படுத்தவர்கள் பாதி லயம். அவர்களைத் தூக்கிப் போக வேண்டியவர்களையோ மரம் வெட்டக் காட்டுக்கு ஓட்டிவிட்டான். யாரைத் தூக்குவது, எந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைப்பது?

அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் வரும். அவனிடம் பேசக்கூடியவர் ஒருவர்தான், தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும், மலாய் தெரிந்த கிராணியார் ஜெயபாலன். அவரிடம் போனார்கள். அவர் கையை விரித்தார். "என்னால முடியாதுங்க. எதுத்துப் பேசுனவன மரத்துல கட்டிப் போட்டத நீங்களும் பாத்தீங்கதானே?"

அப்போதுதான் பியாட்ரிஸ் சொன்னாள்: "நீங்க பேச வேணாம் கிராணி. நான் பேசுறேன். நான் சொல்றத அவனுக்குப் புரியற மாதிரி மலாயில சொன்னாப் போதும்."

போனாள். பழைய துரை விட்டுப்போன பங்களாவில், துரை விட்டுப்போன நாற்காலியில், அவன் உட்கார்ந்திருந்தான். அவள் கேட்டாள். அறைந்தான். விழுந்தாள். எழுந்தாள். உதட்டு இரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அறைந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்றாம் முறையும் அதையே கேட்டாள்: "வெடி வேணாம் தொரை. எங்க கையால கல்லு கல்லா எடுத்துத் தர்றோம். ஒங்க கட்ட வர்றதுக்குள்ள ஆறு தொறந்திருக்கும்."

என்ன நினைத்தானோ, கையை இறக்கினான். சரி, எடுங்கள், கட்டை வரும்போது ஒரு கல் குறுக்கே இருந்தாலும் உங்களையும் சேர்த்து வெடி வைப்பேன் என்றான்.

துரை அவர்களே! மனமுவந்து இடித்தார்கள் என்கிறீர்களே, இதுவா மனம்? இதுவா உவப்பு?

மழை கொட்டுகிறது. முதலில் மதகுப் பலகைகளைக் கழற்றினார்கள். ஏரி மூச்சு விடுவது போல மெல்ல இறங்கியது. பிறகு மேல் வரிசைக் கல். பிறகு அடுத்த வரிசை. பெண்களும் கிழவர்களுமாக மிஞ்சியிருந்தவர்கள் கைக்குக் கை மாற்றிக் கரைக்குக் கடத்தினோம். கம்பத்திலிருந்து மலாய்க்காரர்கள் பிரம்புக் கயிறும் படகுமாக வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, வந்தார்கள்! அட்டை கடித்த காலோடு, காய்ச்சலில் நடுங்கும் உடம்போடு, அரை வயிற்றுக் கிழங்கோடு நின்றோம். கை தோல் உரிந்து, கல்லெல்லாம் இரத்தம்.

அடிக்கல் பெயர்க்கும் நாளில் ஒரு கல் புரண்டது. அய்யாவு அதன் கீழே இருந்தார். இழுத்தோம். வெளியே வந்தது அவர் உடல்தான்.

அவர் மனைவி ராசம்மா அக்கா இதோ இருக்கிறார். அக்கா, நான் சொல்லலாமா? தலையசைக்கிறார். அன்றைக்கு அவர் பியாட்ரிஸைப் பார்த்துக் கேட்டார்: "நீ போய்க் கேட்டதாலதானே எம்புருசன் தண்ணியில எறங்குனாரு?" அதன்பின் வெகுகாலம் ராசம்மா அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டைகள் வந்தன. வெள்ளத்தோடு இடித்துப் புரண்டு வந்தன. தண்ணீர் கீழ் லயத்துப் படியைத் தொட்டது. தொட்டதே தவிர ஏறவில்லை! படுத்திருந்த நோயாளி ஒருவர்கூட நனையவில்லை. கம்பத்தில் ஒரு வீடுகூடச் சாயவில்லை.

அணை போனதால் நமக்கு நன்மை மட்டுமா? பொய் சொல்ல நான் இங்கே ஏறவில்லை. ஏரி வற்றிச் சேறு நாறியது. மீன் செத்து மிதந்தது. கொசு பெருகியது. கோடையில் கிணறு அடிமண் காட்டியது; பெண்கள் மேலோடை வரை நடந்து தண்ணீர் சுமந்தார்கள். கெட்ட தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் போனார்கள். பெற்றவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தச் சேறு காய்ந்தபோது கறுத்த மண்ணாயிற்று. அதில் முதலில் இறங்கியவள் பியாட்ரிஸ். முதல் மரவள்ளிக் குச்சியை யாருக்காக நட்டாள்? தனக்கா? ராசம்மா அக்காவுக்கு! அக்கா பேசாவிட்டாலும் அவருக்கென்று ஒரு பாத்தி கொத்தி, நட்டு, வேலி கட்டிவிட்டுத்தான் தன் பாத்தியைத் தொட்டாள். கிழங்கு விளைந்தது. சர்க்கரைவள்ளி படர்ந்தது. கம்பத்தார் கொடுத்த விதைநெல் கதிர் விட்டது. ஜப்பான்காரன் பங்கு பிடுங்கியது போக மிஞ்சியதைத் தின்று வீங்கிய கால் வற்றியது, படுத்தவர் எழுந்தார். முதல் கிழங்கை அவித்த அன்று, ராசம்மா அக்கா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு பியாட்ரிஸ் வீட்டுப் படியேறி, "சாப்புடு புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மண்ணைத்தான் காலி செய் என்கிறார்கள்! இரத்தம் விட்டு நாம் பெயர்த்த கல்லை, கூலி இல்லாமல் திரும்ப அடுக்கு என்கிறார்கள்! குண்டுச் சத்தம் கேட்டதும் காரேறிச் சிங்கப்பூருக்குப் பறந்தவர்கள், நமக்கு ஒரு மூட்டை அரிசி வைத்துவிட்டுப் போனார்களா? காய்ச்சலுக்கு ஒரு புட்டி கொயினா வைத்துவிட்டுப் போனார்களா? விட்டுப்போனது கல்லை மட்டும். வந்து தேடுவதும் கல்லை மட்டும்!

மனமுவந்து இடித்தார்கள் என்று துரையிடம் சொன்னது யார்? கிராணியார் ஜெயபாலன் அவர்களே! தூணுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், பார்க்கிறேன். கொஞ்சம் முன்னால் வாருங்கள். பங்களாவில் அவள் கேட்டதை மலாயில் சொன்னவர் நீங்கள். இந்தச் சபையில் தமிழில் சொல்லுங்கள். அவள் என்ன கேட்டாள்?

சத்தமாக, ஐயா. தாய்மார்களுக்குக் கேட்கவில்லை.

கேட்டீர்களா? சொல்கிறார்: "வெடி வேணாம்னுதான் அந்தம்மா கேட்டாங்க. அவன் அடிச்சான். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ஜப்பான்காரனோட நின்னவன்னு என் மேல பழி வந்துருமோன்னு பயந்து, அவங்களே ஆசைப்பட்டு இடிச்சாங்கன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன்."

உட்காருங்கள்! தம்பி, கையை இறக்கு! அடிக்கவா கூட்டம் போட்டோம்? அடி வாங்கியும் பேசியவளுக்காகக் கூடிய கூட்டத்தில் ஒருவன்மேல் கை விழலாமா? ஐயா, ஒன்றே ஒன்று. இதையே நாளைக் காலை துரை முகத்துக்கு நேரே சொல்வீர்களா? சொல்கிறேன் என்கிறார். சபை சாட்சி!

எனவே அன்பர்களே, அணையை உடைத்தது யார் என்று துரை கேட்டால் பதில் இதுதான். உடைக்கச் சொன்னவன் ஜப்பான்காரன். அவன் கையில் எங்களை விட்டுவிட்டுப் போனவர்கள் நீங்கள். பெயர்த்தவர்கள் நாங்கள், ஊர் அழியாமல் இருக்கப் பெயர்த்தோம்! அணை வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள். எங்கள் பயிர் முங்காத இடத்தில் கட்டுங்கள். கட்டும் கைக்குக் கூலி கொடுங்கள். அதுவரை ஒரு கல் அசையாது! ஒரு பாத்தி காலியாகாது! பியாட்ரிஸின் பாத்திரம் ஒன்றுகூட லயத்துப் படி இறங்காது!

என்னம்மா பியாட்ரிஸ்? ஏன் எழுந்துவிட்டாய்? பேச வேண்டுமா? அமைதி, அமைதி! அவள் பேசட்டும்.

கேட்டீர்களா, பின்வரிசையில் உள்ளவர்களே? பியாட்ரிஸ் சொல்கிறாள்: "நல்லாப் பேசுறீங்க வாத்தியாரே. கைதட்டு எனக்கு எதுக்கு? நாளைக்குப் பெரட்டுல தொரை எம்பேரச் சொல்லிக் கூப்புடும்போது, எம்பக்கத்துல யாரு நிப்பா? அதச் சொல்லச் சொல்லுங்க."

சபையே, இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ராசம்மா அக்கா எழுந்துவிட்டார். "நான் நிப்பேன்" என்கிறார். கீழ் லயம் எழுகிறது. மேல் லயம் எழுகிறது. கம்பத்துச் சகோதரர்களுக்கு யாராவது மலாயில் சொல்லுங்கள்... சொல்லும் முன்பே எழுந்துவிட்டார்கள்! செட்டியார் அவர்களும் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுகிறார்கள். இனி நான் பேச என்ன இருக்கிறது?

இடம் தந்த தலைவருக்கும், உண்மை சொன்ன வாய்க்கும், பசியோடு வந்து பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பாதையில் சேறு இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், கூட்டமாகவே நடந்து போங்கள். பியாட்ரிஸை நடுவில் விட்டு நடங்கள்.

வணக்கம்!