முகையூருக்குப் போன கைப்பிடி

இரவு ஒன்பதே முக்கால். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. கண்ணுக்கெட்டிய வரை ஒரு விளக்கு இல்லை. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். போனில் யாரிடமோ கத்தினார். "வேற வண்டி வரும். ஒரு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

ஒன்பது பேர் இருந்தோம். ரோட்டோரம் மதகுச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். சூடான டீசல் வாசனை, அதற்கு மேல் காய்ந்த சவுக்கு இலை வாசனை. தோப்புக்குள் ஏதோ ஒரு கிளை முறிந்தது. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பயப்படாத பாப்பா. நம்ம திருமுருகன் மூஞ்சப் பாத்தா பேயே ஓடிப்பூடும்" என்றார் ஒருவர். டைல்ஸ் போடுகிறவர். தென்னரசு என்று பெயர்.

"உன் வேலையைப் பாத்தா வீட்டுக்காரனே ஓடிப்பூடுவான்" என்றார் கூட வந்த திருமுருகன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, இருட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் எப்போதும் நடப்பதுபோல, யாரோ பேய்ப் பேச்சை ஆரம்பித்து வைக்க, தென்னரசு சொல்லத் தொடங்கினார்.

நான் ஓரமாக இருந்தேன். ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் ஒரே மகன் பிரேம்குமார் இறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. பேய்க் கதை கேட்க எனக்கு மனம் இல்லை. எழுந்து போகவும் இடம் இல்லை.

"என் கூட்டாளியோட சகலை ஒருத்தன்... முகையூர்ல இருக்கான். கார்பெண்டர். போன ஆவணில, விழுப்புரத்துல ஒரு வீட்டுக்கு ஜன்னல் கைப்பிடி மாத்தப் போயிருக்கான். எல்லாம் பழைய பித்தளை. தேஞ்சுபோய் ஆடிக்கினு கெடந்துச்சாம். ஸ்டீலுல புதுசு போட்டுட்டு, பழசைப் பையில போட்டுக்கினு வந்துட்டான். கழட்டுன சாமான் வேலைக்காரனுக்குத்தானே... எங்க போனாலும் அதானே வழக்கம்."

"நீ உடைஞ்ச டைல்ஸைக் கூட உடமாட்டியே" என்றார் திருமுருகன்.

"சும்மா இருய்யா... அஞ்சை எடைக்குப் போட்டுட்டான். ஒண்ணு மட்டும் நல்ல கனமா இருந்துச்சு. அவன் வீட்டு ஜன்னலுக்குக் கைப்பிடியே இல்ல, கயிறு கட்டித்தான் வெச்சிருந்தான். ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்றவன் வீடு அப்படித்தானே இருக்கும்... அதுல மாட்டிட்டான்."

பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அன்னிக்கு ராத்திரி... ஒண்ணரை மணி. டக்... டக்... பலகையில ரெண்டு தட்டு. அப்புறம் கைப்பிடி தானா விழுந்துச்சு. கிணிங்னு. ஜன்னல் தொறந்துக்கிச்சு. காத்துன்னு நெனச்சு எழுந்து சாத்தினான். மறுநாளு... அதே ஒண்ணரை. டக்... டக்... கிணிங். மூணாவது நாளு முழிச்சிக்கினே இருந்தான். ஒரு எல ஆடல. நாய் கொலைக்கல. ஆனா ஒரு வாசனை... மெஷின் ஆயிலு. கம்பெனிக்குப் போற பசங்க சட்டையில வருமே... அது."

நான் மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். பிரேம்குமார் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் பார்த்தான். கம்பெனி வேன் ஒன்றேகாலுக்கு பைபாஸில் இறக்கிவிடும். நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறவள் என்பதால் கதவைத் தட்டமாட்டான். வாசல் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் வெளியே இருந்து இரண்டு தட்டு தட்டுவான். கைப்பிடியின் நாக்கு தேய்ந்திருந்ததால் அது சட்டத்தைவிட்டு நழுவிக் கீழே விழும். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உள்ளே வருவான். காலையில் வாசலில் அவன் ஷூவைப் பார்த்துத்தான் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மார்கழி இரவு வேனிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்தபோது ஒரு வண்டி மோதியது. மோதிய வண்டி நிற்கவில்லை.

காரியம் முடிந்த பிறகும் அந்தக் கைப்பிடி ஒன்றரை மணிக்கு விழுந்துகொண்டிருந்தது. தினமும் எழுந்து கதவைத் திறந்து நிற்பேன். வெளியே ரோடு மட்டும் இருக்கும். எட்டு மாதம் அப்படி நின்றேன். என் தம்பி சீனுவாசன் வந்து ஒரு வாரம் தங்கினான். "அக்கா, காத்துக்கு விழுவுது அது. எல்லாத்தையும் மாத்திடு. நீ தூங்கி எத்தினி நாளாச்சு, கண்ணாடியில பாத்தியா உன்ன?" என்றான். அவனே பாண்டுரங்கன் என்ற கார்பெண்டரைக் கூட்டிவந்தான். ஒரே நாளில் ஆறு ஜன்னலும் முடிந்தது. கிளம்பும்போது பாண்டுரங்கன், "பழசை நான் எடுத்துக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கப்பா" என்றேன். பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சத்தம் இல்லை. அப்படியானால் காற்றுதான் என்று நம்பினேன். மகன் இறந்ததைவிட அந்த நம்பிக்கைதான் சில இரவுகளில் அதிகமாக வலித்தது.

தென்னரசு சொல்லிக்கொண்டே போனார். "நாலாம் நாளு... கைப்பிடி விழுந்ததும் ஒரு கொரலு. வயசுப் பையன் கொரலு. 'அம்மா'ன்னு. ஒரே தபா. அவன் வெலவெலத்துப் போய்ட்டான். பொண்டாட்டி வேணி இருக்குதே... அது படுத்தபடியே, 'வாப்பா'ன்னுச்சாம். அவ்ளோதான். அடங்கிடுச்சு. மறுநாளே கழட்டி எறியறேன்னு இவன் கெளம்புனான், அந்தம்மா உடல. எட்டு மாசமா தெனம் இதே கதைதான். டக்... டக்... கிணிங். அம்மா... வாப்பா. ஒரு தட்டுல சோறு கூட மூடி வெக்குதாம்."

"அய்ய, வெளக்குமாத்த எடுக்காம சோறா போடுது!" என்றாள் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா. சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"அந்தக் கைப்பிடி இப்பவும் அங்கதான் இருக்குதா?" என்று கேட்டேன்.

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. "இருக்குதும்மா... ஏன் கேக்கறீங்க?" என்றார் தென்னரசு. தூரத்தில் வேறு பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. நான் எழுந்தேன்.

மறுநாள் மதியம் முகையூரில் இறங்கி விசாரித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் பாண்டுரங்கனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கூப்பினார். "நானே கொண்டாந்து குடுத்திருக்கணும்மா. தப்பு என் மேலதான்" என்று உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

வேணி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த கண்கள்.

"கழட்டாதீங்கக்கா. வந்து பழகிடுச்சு. திடீர்னு கைப்பிடி இல்லன்னா அது எங்க போவும்?"

"எங்க வீட்டுக்கு வருவான்" என்றேன்.

"வழி தெரியுமா அதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. "அது இதுங்காத. பிரேம்குமார்னு பேரு. என் புள்ள."

"கோச்சிக்காதீங்கக்கா. பேரு எனக்கு யாரு சொன்னாங்க?" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டுரங்கன்தான் நடுவில் வந்தார். "இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க இருங்கம்மா. வந்தா நீங்க கூப்புடுங்க. அம்மா கூப்ட்டா வராமலா போய்டுவான்? விடிஞ்சதும் கழட்டி உங்க கையிலயே குடுத்துடறேன்." வேணியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே தலையசைத்தாள்.

இரவு கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். ஒரு தட்டில் சோறு வைத்து மூடி ஜன்னலடியில் வைத்தாள். வைத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு, அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதை எடுத்து என் கையால் ஜன்னலடியில் வைத்தேன். பாண்டுரங்கன் வாசலில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தோம். விளக்கை அணைத்தாள்.

மெயின் ரோட்டில் கரும்பு லாரி ஒன்று முனகிக்கொண்டே போனது. பிறகு அதுவும் இல்லை. என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிவைத்தேன். சாப்பிட்டியா... ரோட்டைப் பாத்துத் தாண்டக் கூடாதா... கைப்பிடியை நான்தாம்பா குடுத்துட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன்...

ஒன்றரை.

டக்... டக்...

கிணிங்.

பலகை மெல்ல வெளிப்பக்கம் போனது. இருட்டுக்குள் மெஷின் ஆயில் வாசனை வந்தது. அதற்கு அடியில் அவன் வேர்வை வாசனை. அடுக்கிவைத்த ஒரு சொல்லும் எனக்கு நினைவில் இல்லை.

"அம்மா."

அவன் குரல்தான். கடைசியில் லேசாகக் கம்மும் அதே குரல். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பிரேமு... வந்துட்டியாப்பா? அம்மா இங்கதான் இருக்கேன். வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

வெளியே எதுவும் அசையவில்லை. மூச்சுகூட இல்லை. பக்கத்தில் வேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

பிறகு, புது ஆள் இருக்கும் வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில், அவன் வேணியைக் கேட்டான்:

"உள்ள யாரும்மா வந்திருக்காங்க?"