முதிரைப் பெட்டி

எங்கள் மலையில் ஒட்டுப்பலகையால் செய்த பொருள் எதுவும் அதிக காலம் தாங்காது. பனி உள்ளே புகுந்து பலகையை ஏடு ஏடாகப் பிரித்துவிடும். தோட்டத்துப் பாட்டுக்காரப் பையன் சுமனின் ஆம்ப்ளிஃபயரும் அந்த நிலையில்தான் இருந்தது. கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி அது. கண்டியில் பழையதாக வாங்கியிருந்தான். மூலைகள் பிளந்துவிட்டதால் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தான். நல்ல மரத்தில் புதுக் கூடு செய்து தருகிறேன் என்று நான் சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. நான் ஆண்டியப்பன். பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மாரியம்மன் கோயில் தலைவர். என் அப்பா இந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. திருவிழாவில் முதல் மரியாதை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குத்தான். அந்தத் திருவிழாவில்தான், அந்த அம்மன் முன்னால்தான், சுமன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினான்.

பாட்டில் பெயர் இல்லை. ஒரு கங்காணி, வேலைநிறுத்தம் செய்தவர்களின் தலைவனைத் துரையிடம் காட்டிக் கொடுக்கிறார். அவனைக் குடும்பத்தோடு மழையில் லயத்து வீட்டை விட்டு இறக்குகிறார்கள். கங்காணிக்குத் துரை ஒரு பிஸ்கட் டின் கொடுக்கிறார். அந்த டின் எங்கள் சாமி அறையில் இருக்கிறது. மூடியில் வெள்ளைக்கார ராணியின் படம். அதில்தான் திருநீறு வைத்திருக்கிறோம். தோட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை, எப்படி வந்தது என்று அதுவரை அறிந்தவர்களும் இல்லை. பாட்டில் டின் வரும்போதெல்லாம் சனம் சிரித்தது. மறுநாள் என்னிடம் திருநீறு வாங்க வந்தவன், சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் கோபப்படவில்லை. கோபத்தைக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. சில மாதங்கள் கழித்து சுமனைக் கூப்பிட்டு, பாட்டு நன்றாக இருந்தது என்றேன். பெட்டிப் பேச்சையும் அப்போதுதான் எடுத்தேன்.

மரம் தேர்வதில் நான் அவசரப்படவில்லை. கொட்டகலையில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் வீரய்யாவிடம் போனேன். தேயிலைக்கு நிழல் தரும் எங்கள் ஊர்ச் சவுக்கு லேசான மரம். டர்பன்டைன் மரம் காயும்போது வெடிக்கும். சத்தத்துக்குப் பலாதான் நல்லது என்று வீரய்யா சொன்னார். நான் கனத்த முதிரை மரம் கேட்டேன். இடித்த துரை பங்களாவின் பின்கதவு அவரிடம் கிடந்தது. அந்தக் கதவுக்கு வெளியே என் அப்பா பலமுறை நின்றிருக்கிறார். முதிரையில் இறுக்கிய திருகாணி பிறகு அசையாது. எனக்கு அது முக்கியமாக இருந்தது.

சுமன் பார்க்க வந்தான். அவனுக்குப் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

"அப்பத்தாங்க ஐயா சத்தம் மூச்சு விடும். வயரு கியரு அந்துச்சுன்னாலும் கைய விட்டு ஒட்டிக்கிருவேன்."

"பனி உள்ள போகும் தம்பி. மூடிட்டா உனக்கு அந்த வேலையே இல்ல," என்றேன்.

அவன் ஒருபக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது பொட்டியா, தேரா? தூக்க நாலு பேரு வேணும்போல."

நாலு பேர் கிடைப்பார்கள் என்றேன்.

மெருகு போடுவதாகச் சொல்லிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொருத்தித் தருகிறேன் என்று அவனுடைய ஆம்ப்ளிஃபயரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். வேலைக்காலம் முழுவதும் பெக்டரி மோட்டார்களோடு இருந்தவன் நான். எர்த் வயரைக் கழற்றினேன். இன்னொரு வயரை, அது தொடக் கூடாத இடத்தில் தொட வைத்தேன். பின்பலகையைத் திருகி மூடி, திருகாணித் தலைகளை முதிரைத் துண்டுகளால் அடைத்து, மேலே மெருகு பூசினேன். காய்ந்த பிறகு திருகாணி எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது.

எங்கள் கோயிலில் புதுத் தப்பானாலும் புது மேளமானாலும் முதல் சத்தம் அம்மனுக்குத்தான். அதனால் சுமன் வீட்டில் வாசித்துப் பார்க்கக் கேட்கவில்லை. அந்த வருடம் மேடை வேண்டாம், அம்மன் முன்னால் தரையில் நின்று வாசிப்பதுதான் மரியாதை என்று தலைவர் என்ற முறையில் சொன்னேன். மஞ்சள் நீர் விளையாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. நனைந்த வேட்டியோடு, வெறுங்காலோடு, சேற்றில் நின்றான். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தந்தியில் கை வைத்தான்.

பாட்டு தொடங்கவில்லை.

பொலிஸ் அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஹொந்த லீ," என்றார். நல்ல மரம் என்று நானும் சிங்களத்தில் ஒப்புக்கொண்டேன். கோயில் கரண்ட் லைனுக்கு, ஷாக் அடித்தால் தானாக நிற்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாததே சாவுக்குக் காரணம் என்று முடிவாயிற்று. சுமனின் அம்மா நாகலெட்சுமி, மரண வீட்டில் என் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மவனுக்குக் கடைசியா நல்லது செஞ்சது நீங்கதான் ஐயா," என்று அழுதாள். பெட்டியைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை என்று பிறகு திருப்பி அனுப்பிவிட்டாள். அது என் முன்னறையில் இருக்கிறது. வருகிறவர்கள் தடவிப் பார்க்கிறார்கள்.

என் மகனின் மகள் நிலக்ஷி எங்களோடுதான் இருக்கிறாள். ஆசிரியை. கிட்டார் வாசிக்கச் சுமனிடம் பழகியவள். போன வாரம் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த வருஷம் நான் பாடப்போறேன் தாத்தா. சுமன் அண்ணன் பாட்ட. இந்தப் பொட்டியிலதான்."

அது நம் வீட்டைப் பழிக்கும் பாட்டு என்றேன்.

"தெரியும். எழுதுனதே நான்தான்."

டின் வந்த கதையை அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதான். சின்னப்புள்ளையில மடியில வச்சுச் சொன்னீங்க. பெருமையாத்தான் சொன்னீங்க."

அப்படி நான் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் அது வீட்டுக்குள் சொன்னது.

திருவிழா நெருங்கிவிட்டது. ட்ரிப் சுவிட்ச் போடும் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். வழக்கத்தை மாற்ற வேண்டாம், அவளும் தரையில் நின்றே பாடட்டும் என்று கோயில்காரர்களிடம் சொல்லியாயிற்று. என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். நிலக்ஷி என் இரத்தம். அவள்மேல் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை.

நேற்று திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பின்பலகையைத் திறந்தால் மெருகு உடையும். இவ்வளவு நல்ல மரத்தில் ஒரு கீறல் விழுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.